அடுப்படிச் சக்கரம்

எங்கள் ஊர் எல்டர் கிரீக்கில் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஓடைக்குள் வண்டிகள் வரிசையாக நிற்கும். பாலத்துக்குக் கீழே முழங்கால் ஆழம்தான் தண்ணீர். குடியானவர்கள் குதிரையை அவிழ்க்காமலே வண்டியை உள்ளே இறக்கி நிறுத்திவிட்டு, புகையிலையை மென்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். கோடையில் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கும். ஆரக்கால்கள் வெளிவளையமான வட்டைக்குள் ஆடும். வண்டி போகிற வழியெல்லாம் கிறீச் கிறீச் என்று ஊரைக் கூட்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஓடையில் ஊறினால் மரம் உப்பி இறுகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்த் திரும்புகிறவரை சத்தம் வராது. அப்புறம் வந்தால் வரட்டும், அடுத்த சனிக்கிழமை ஓடை எங்கே போய்விடப் போகிறது? எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் இது ஒரு தப்பாகத் தோன்றியதில்லை. ஆல்வா ஸ்ட்ரோமுக்கும் தோன்றவில்லை.

ஆல்வா வெண்ட்லிங் பட்டறையின் சக்கரக்காரர். ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் குதிரை வண்டிக்குச் சக்கரம் கோத்த கை. பழைய வெண்ட்லிங் செத்துப்போய், மகன் பர்டெட் வெண்ட்லிங் வண்டிப் பட்டறையைக் கார்ப் பட்டறையாக மாற்றியபோது ஊரே சிரித்தது. முதல் வருஷம் பதினொரு கார், இரண்டாம் வருஷம் முப்பத்தெட்டு. எஞ்சின் மிச்சிகனிலிருந்து ரயிலில் வரும், அச்சு ஓஹாயோவிலிருந்து வரும், விளக்கு வேறெங்கிருந்தோ வரும். "வெண்ட்லிங் கார்ல வெண்ட்லிங்கோடது என்னடா இருக்கு? பேர்ப் பலகையும் சக்கரமும்தான்" என்று முடிவெட்டுகிற கடையில் கிண்டல் நடக்கும். அந்தக் கிண்டலைக் கேட்டு முதலாளி முகம் சுளிப்பார். ஆல்வாவுக்கோ உள்ளூரக் குளிர்ந்துபோகும். பேர்ப் பலகையைத் தள்ளிவிட்டால் மிச்சம் அவர்தானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷக் கோடையில் ஐந்து நாள் சோதனை ஓட்டம் ஒன்று வந்தது. இருபத்திரண்டு கம்பெனி வண்டிகள், ஐந்நூறு மைல். வழியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் வேறொரு கம்பெனி ஆள் கண்காணிப்பாளனாக உட்கார்ந்து வருவான். ஒழுங்காகத் திரும்பி வருகிற வண்டிக்குத்தான் விற்பனைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். வெண்ட்லிங் புது மாடல் ஒன்றைத் தயார் செய்தார். கனமான வண்டி. அதற்குத் தடித்த ஆரக்கால் வேண்டும். தடித்த ஹிக்கரி மரம் காற்றாட இரண்டு வருஷம் காய்ந்தால்தான் சக்கரத்துக்கு ஆகும். பட்டறைக் கொட்டகையில் கிடந்ததோ வெட்டி எட்டு மாசம்கூட ஆகாத மரம்.

"இது பச்ச மரம், மிஸ்டர் வெண்ட்லிங்" என்றார் ஆல்வா.

"கொதிகலன் மேல பரண்ல மூணு வாரம் போடுங்க. காஞ்சிரும்."

"மேல்தோல் காயும். உள்ள ஈரம் அப்படியே நிக்கும்."

"அப்ப ஒண்ணு செய்யலாம் ஆல்வா. இந்தத் தடவ மட்டும் சக்கரத்தையும் ஓஹாயோவுலயே வாங்கிருவோமா? அவங்ககிட்ட காஞ்ச மரம் கெடக்குதாம். வருத்தப்படாமச் சொல்லுங்க."

வெண்ட்லிங் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். ஆல்வா 'வாங்குங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முடிவெட்டுகிற கடை அவர் கண்முன்னால் வந்தது. 'இப்பப் பேர்ப் பலக மட்டும்தான்டா' என்று அவர்கள் சிரிப்பதும் காதில் கேட்டது.

"எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த மரத்தில் ஐந்து சக்கரம் செய்தார். வண்டிக்கு நான்கு, உபரியாக ஒன்று. பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. ஓட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, அவருடைய மாப்பிள்ளை டார்சி ஹேட்ச் வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். டார்சிதான் கம்பெனியின் சோதனை ஓட்டுநர். இருபத்தாறு வயது, ஆல்வாவின் ஒரே மகள் ஓர்ஃபாவைக் கட்டி இரண்டு வருஷம். காரை ஓட்டும்போது பாட்டு, நிறுத்தினால் சிரிப்பு, அப்படி ஒரு ஆள்.

"பெரியவரே, பின்னாடி வலது சக்கரத்துல எலிக் குடும்பம் ஒண்ணு குடியிருக்குது போல. கீச்சு கீச்சுங்குது."

"விட்டுட்டுப் போ. எலிய நான் வெரட்டிக்கறேன்."

அன்று பொழுது சாய்ந்ததும் நான்கு சக்கரங்களையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போய், பாலத்தடிக்கு வராமல், கீழே வில்லோ மரங்களின் மறைவில் ஓடைக்குள் படுக்கப் போட்டார். மறைவு எதற்கு என்று தன்னையே அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறு முழுக்க ஊறியது. திங்கட்கிழமை விடிகாலையில் காரில் மாட்டியபோது சக்கரங்கள் கல்லாக இறுகியிருந்தன.

பெயிண்டர் மோஸ் டட்டில் மட்டும் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினான். "யாருய்யா என் வார்னிஷ் மேல பாலக் கொட்டுனது? வெளுத்துப் போச்சு பாரு!"

"பனி பட்டிருக்கும்" என்றார் ஆல்வா.

"ஜூலை மாசத்துலயா?" மோஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தூரிகையை எடுத்து வெளுத்த இடத்தையெல்லாம் பூசி மறைத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது, இறக்கத்தில் ஒரு திருப்பத்தில் பின் வலது சக்கரம் பிரிந்து கார் உருண்டது. கண்காணிப்பாளனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. டார்சியின் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டி நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். தலையிலும் அடி. அன்றைய மத்தியானத்தில் பாதி அவன் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது.

உடைந்த கார் சரக்கு ரயிலில் திரும்பி வந்தது. ஆல்வா முதல் ஆளாகப் போய் இறக்கினார். ஆரக்கால்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பத்தின் வேகத்தில் முறிகிற கால் சிலும்பு சிலும்பாகக் கிழிந்திருக்கும். இவற்றில் ஐந்து கால்கள் கிழியவே இல்லை. துளையிலிருந்து பல் விழுவதுபோல வழுவழுவென்று கழன்று வந்திருந்தன. நுனிகள் ஆடி ஆடித் தேய்ந்து பளபளத்தன. திருப்பத்துக்கு வெகு முன்பே சக்கரம் தளர்ந்துவிட்டது என்று சக்கர வேலை தெரிந்த யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாவற்றையும் தோல் ஏப்ரனில் அள்ளிக்கொண்டு போய்க் கொதிகலன் நெருப்பில் போட்டார். பட்டறையில் துண்டு மரமெல்லாம் அங்கேதான் போகும். கொதிகலன்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் கண்காணிப்பாளன் சொன்னது வந்தது. சாப்பாட்டு வேளையில் டார்சி ஒரு கிளாஸ் பீர் குடித்ததைப் பார்த்தானாம். திருப்பத்தை வேகமாக எடுத்தானாம். வெண்ட்லிங் தன் பங்குக்கு ஒரு விளம்பரம் கொடுத்தார்: வண்டியில் ஒரு குறையும் இல்லை, விபத்து ஓட்டியவரின் கவனக்குறைவால் நேர்ந்தது. அந்த விளம்பரம் வேலை செய்தது. ஆகஸ்டில் இருபத்து நான்கு வண்டிக்கு ஆர்டர் வந்தது. புதுச் சக்கரங்களுக்குக் காய்ந்த மரத்தை ஓஹாயோவிலிருந்தே வரவழைத்தார்கள். கேட்டது ஆல்வாதான். இந்தத் தடவை அவருக்கு முடிவெட்டுகிற கடை ஞாபகம் வரவில்லை.

அறுபத்திரண்டு வீட்டு அடுப்பு இந்தப் பட்டறையால் எரிகிறது என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய்யில்லை. ஆனால் நெருப்பில் ஆரக்காலைப் போட்டபோது அந்த அறுபத்திரண்டு வீட்டில் ஒரு வீடுகூட அவர் நினைப்பில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

டார்சியை ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். ஓர்ஃபா அவனுக்குச் சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைப்பாள், கட்டு மாற்றுவாள், ஸ்பூனில் சூப் ஊட்டுவாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால், குடிப்பதில்லை என்று சபையில் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் அவன். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவள் சரி சொன்னாள்.

"ஒரு கிளாஸ்தான்டி. அன்னிக்கு வெயில் அப்படி" என்பான் அவன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீ கேக்காததுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"கால நீட்டு. கட்டு நனஞ்சிருக்கு."

அடுத்த அறையில் இருந்து இதைக் கேட்கும்போதெல்லாம் ஆல்வா எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். போன இடத்தில் ஒரு வேலையும் இருக்காது. கோழிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டு மேஜையில் தலை நிமிர மாட்டார். பன்றித் தொடையும் பச்சை பீன்ஸும் அவருக்குப் பிடித்த பதத்தில் இருக்கும். பாதியை அப்படியே வைத்துவிடுவார். "வயசாகுது" என்பார் மனைவி லொவினாவிடம். லொவினா தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

செப்டம்பர் பிறந்ததும் சபை மூப்பர் வந்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கு மீறியவன் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன் தப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மூப்பர் மெதுவாகத்தான் பேசினார், டார்சியும் உடனே சம்மதித்தான். வருகிற பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் டார்சி கக்கத்தில் கட்டைகளைக் கொடுத்து ஊன்றிக்கொண்டு பின்வாசல் படிவரைக்கும் வந்துவிட்டான். ஆல்வா சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா சொல்லணும் பெரியவரே. எப்படிச் சொல்றதுன்னு ஓட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன். 'குடிச்சேன். வேகமாப் போனேன். ஒரு மனுஷனோட தோள ஒடச்சேன். கம்பெனி பேரக் கெடுத்தேன்.' போதுமா?"

"வேகமாப் போனது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லையே. சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிதான்."

"அப்ப ஞாபகம் இல்லாதத எப்படிய்யா சொல்லுவ?"

டார்சி சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு இல்லை, அதற்கு உறவு மாதிரி ஒன்று.

"நானும் படுத்துக்கிட்டே கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒண்ணு நான் தப்புப் பண்ணியிருக்கணும். இல்ல சக்கரம் தப்புப் பண்ணியிருக்கணும். சக்கரம் யார் கோத்தது? நீங்க கோத்தது. முப்பத்தொரு வருஷத்துல உங்க சக்கரம் ஒண்ணாவது பிரிஞ்சதா யாராச்சும் சொன்னதுண்டா? அப்ப நான்தானே?"

கதிர் உரித்த ஆல்வாவின் கை நின்றுவிட்டது. அவனை இத்தனை நாளும் குற்றவாளியாக்கி வைத்தது பத்திரிகையோ கண்காணிப்பாளனோ இல்லை. தன்மேல் அவன் வைத்திருந்த மரியாதைதான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது. வாயைத் திறந்தார். "குளிர் காத்து வருது, உள்ள போ" என்று மட்டும் வந்தது.

திங்கட்கிழமை காலையில் நேராக வெண்ட்லிங்கின் அறைக்குப் போனார். மோஸ் டட்டில் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே நின்றிருந்தான். இருக்கட்டும், சாட்சியாக இருக்கட்டும் என்று கதவைச் சாத்தாமலே சொன்னார். பச்சை மரம், ஓடை, தேய்ந்த நுனி, கொதிகலன், ஒன்றையும் விடவில்லை. 

வெண்ட்லிங் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "ஆல்வா, ஒக்காருங்க. இந்த மாதிரி ஒரு மாமனார் எனக்கு வாய்க்கலையேன்னு இருக்கு."

"நான் சொன்னது புரியலையா உங்களுக்கு?"

"நல்லாப் புரியுது. ஞாயித்துக்கெழம அந்தப் பையன் சபையில தலகுனியக் கூடாதுன்னு நீங்க தலயக் குடுக்கறீங்க. நான் உங்க எடத்துல இருந்தாலும் இதத்தான் செய்வேன்."

"மோஸ், நீ சொல்லுய்யா! வார்னிஷ் வெளுத்துக் கெடந்ததே, பாத்தியே!"

மோஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். "பனின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான்.

வெண்ட்லிங் உண்மையாகவே நம்பவில்லையா, நம்பினால் இருபத்து நான்கு ஆர்டரும் போய்விடும் என்பதால் நம்பவில்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பட்டறையில் ஆட்கள் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார்கள். முடிவெட்டுகிற கடைக்காரன் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் அடுப்பில் சுட்ட இரண்டு ஆப்பிள் பை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கொடுத்தனுப்பியது. ஆறு வாரமாக வீட்டில் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசாத ஓர்ஃபா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இவருக்காக நீங்க இப்படி ஒரு பொய் சொல்லணுமா அப்பா? உங்க வேலையப் பத்தியே சொல்லியிருக்கீங்களே!"

"பொய்யில்ல ஓர்ஃபா. நெசம்."

"சரி சரி, நெசம்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முன்னறையிலிருந்து டார்சி குரல் கொடுத்தான்: "வேண்டாம் பெரியவரே! என் பாரத்த நானே தூக்கிக்கறேன். அதுக்கு ரெண்டு கட்டையும் குடுத்திருக்காங்க!"

காறித் துப்பியிருந்தால்கூட ஆல்வா தாங்கியிருப்பார். இந்தப் பலகாரத்தைத் தின்னச் சொன்னால் எப்படித் தின்பது? எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது தள்ளுவண்டியில் ஐந்தாவது சக்கரம் இருந்தது. பட்டறைக் கிடங்கில் சுவரோரம் கிடந்த உபரி. அதை ஓடையில் போட்டு ஊறவைத்துவிட்டு, மறுநாள் செவ்வாய்க்கிழமை அதிகாலையில் எடுத்துவந்து டார்சியின் கட்டிலில் சாத்தினார்.

"அதே மரம், அதே கை, அதே ஓடை. ஆட்டிப் பாரு."

டார்சி ஆரக்காலைப் பிடித்து உலுக்கினான். "கல்லு மாதிரி இருக்கு."

"சனிக்கெழம மறுபடியும் ஆட்டு" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய், வெயிலுக்குப் பதிலாகச் சமையலறை அடுப்புக்குப் பின்னால், சுவரோரம் நிறுத்தினார்.

அது தக்காளிக் காலம். எங்கள் ஊர்ச் சமையலறைகளில் செப்டம்பர் பூராவும் அடுப்பு அணையாது. கூடை கூடையாகத் தக்காளியைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோலுரித்து, வேகவைத்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து மூடுவார்கள். குளிர்காலத்துக்கு அதுதான் சாப்பாடு. வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட வேலை நடக்கும். அந்தச் சந்தடியில் ஒரு கார்ச் சக்கரமும் நின்றால் எப்படி இருக்கும்?

"இதென்னப்பா, கரண்டி மாட்ட எடமா?" என்று ஓர்ஃபா இரண்டு தடவை அதில் முழங்காலை இடித்துக்கொண்டாள். முதல் நாள் ஒரு கைப்பிடித் துணியை உண்மையாகவே ஆரக்காலில் தொங்கவிட்டாள். ஆல்வா அதை எடுத்து மடித்து மேஜையில் வைத்தார்.

 புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு லொவினா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ பொய் சொல்றப்ப கண்ணச் சிமிட்டுவ ஆல்வா. கல்யாணத்தன்னிக்கே கவனிச்சுட்டேன். திங்கக்கெழம நீ சிமிட்டல."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ என்னப் பாக்கற பார்வ மாறிப்போயிரும்னு பயந்தேன்."

"மாறித்தான் போச்சு" என்றாள் அவள். கோபமில்லாமல் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஆல்வா சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. காதை வைத்துத் தட்டிக் கேட்டார். கெட்டியான சத்தம். அப்போது அவர் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. ஒருவேளை மரத்தில் குற்றமில்லையோ? ஒருவேளை டார்சிதான் வேகமாகப் போனானோ? அந்த நிம்மதியின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே, தான் எதைக் கண்டு சந்தோஷப்படுகிறோம் என்பது உறைத்தது. முன்னறையில் ஒற்றைக் காலோடு ஒருவன் படுத்திருக்கிறான். அவன்மேல் பழி நிலைத்தால் நல்லது என்று இங்கே ஒரு மனசு துள்ளுகிறது. ஓடையில் போட்டதைக்கூட அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்லிக்கொள்வது? அடுப்படியில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஈரம். மழைக் காற்றில் மரம் காயாது, இன்னும் உப்பும். தக்காளியும் முடிந்துபோயிற்று. ஓர்ஃபா ஜாடிகளை அடுக்கிவிட்டு, "அப்பாடா, இனிமே அடுப்ப அணைச்சிரலாம்மா" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் லொவினா.

"அடைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"தோட்டத்துல பச்சக் காய் கெடக்கு. ஊறுகா போடலாம்."

"போன வருஷத்து ஊறுகாயே பதினெட்டு ஜாடி இருக்கும்மா!"

"இருந்தா இருக்கட்டும். விறகு எடுத்துட்டு வா."

மழையில் நனைந்துகொண்டே லொவினா பச்சைத் தக்காளியைப் பறித்து வந்தாள். வெங்காயத்தோடு நறுக்கி வினிகரில் கொதிக்கவைத்தாள். வீடு முழுக்கப் புளிப்பு வாடை. நெருப்பு தணியத் தணியக் கட்டையைத் திணித்தாள். ஓர்ஃபா வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. போய் இன்னொரு சுமை விறகு கொண்டுவந்து போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வானம் வெளுத்தது. சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது லொவினா சொன்னாள்: "எடுத்துட்டுப் போ."

ஆல்வா சக்கரத்தைத் தூக்கினார். தூக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏழெட்டு அடி நடப்பதற்குள் அது உள்ளுக்குள் கடகடவென்று பேசியது. முன்னறையில் கட்டிலின் மேலே, டார்சியின் மடியில் படுக்கவைத்தார்.

டார்சி சிரித்துக்கொண்டுதான் கையை வைத்தான். முதல் ஆரக்கால் ஆடியது. சிரிப்பு நின்றது. அடுத்தது ஆடியது. அதற்கடுத்ததை அவன் இழுத்தபோது வட்டையை விட்டு விலகி வந்தது. சாயம் பூசிய மரத்துக்கும் வட்டைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு இடைவெளி, ஒரு காசு நுழைகிற அளவுக்கு. பன்னிரண்டு கால்களையும் ஆட்டினான். ஒன்பது ஆடின. மறுபடியும் முதலிலிருந்து ஆட்டினான்.

"நான் இல்ல" என்றான்.

ஓர்ஃபாவின் பக்கம் திரும்பினான்.

"ஓர்ஃபா, நான் இல்லடி! எரநூறு மைல் வெயில்ல இது ஓடியிருக்கு. நடந்து போற வேகத்துல போயிருந்தாலும் இது பிரிஞ்சிருக்கும்! குடிச்சேன், அது தப்பு, அத நாளைக்கே எந்திரிச்சுச் சொல்லிர்றேன். ஆனா நான் கவுக்கல. நான் கவுக்கலடி!" அவன் அழுதான், நடுநடுவே சிரித்தான். சக்கரத்தைக் குழந்தையைப்போல இறுகக் கட்டிக்கொண்டான். ஓர்ஃபா கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவன் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆல்வா கதவோரம் நின்றார். ஒரு மனிதனின் முகம் இத்தனை வெளிச்சமாக முடியும் என்பதை அன்றுதான் பார்த்தார். அந்த வெளிச்சத்தை ஆறு வாரமாகத் தோல் ஏப்ரனில் கட்டி வைத்திருந்தது தான்தான்.

ஓர்ஃபா தலை நிமிர்ந்தாள். "எப்ப தெரியும்ப்பா உங்களுக்கு?"

"வண்டி வந்து எறங்கின அன்னிக்கே."

"நான் இவர்கிட்டப் பேசாம இருந்தது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"ஒவ்வொரு நாளும்?"

"ஒவ்வொரு நாளும்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் அந்தப் பார்வைக்காகத்தான் காத்திருந்தார். திட்டுவாள், வீட்டை விட்டுப் போ என்பாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று நின்றார். நாளைக்குச் சபையில் தான் எழுந்து நிற்கப் போவதைச் சொல்ல வாயெடுத்தார். அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, டார்சியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கத் தொடங்கிவிட்டாள்.

டார்சிதான் கையை நீட்டினான். சக்கரத்தின் மேலாக, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, வாய் நிறையச் சிரிப்போடு.

"இங்க வாங்க பெரியவரே. குடுங்க கைய. நீங்க சொல்லலேன்னா சாகற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ரொம்ப நன்றி."

போகாமல் இருக்க முடியவில்லை. ஆல்வா போய் அந்தக் கையைப் பிடித்தார். அவன் விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தான்.